காவடிப்புழுபோல் நடக்கும் ரோபோ: வீட்டில் செய்யும் முறையும் மருத்துவத்தில் அதன் பயனும்

இந்த வழிகாட்டியின்படி செய்தால், சனிக்கிழமை காலையில் நீங்கள் தேய்த்து உலரவைத்த சிலிக்கோன் நாடா, மறுநாள் மாலையில் உங்கள் மேசைமேல் முதுகை வளைத்து நடக்கும். அதற்குள் பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, சிப் இல்லை. வெளியிலிருந்து எந்தக் கம்பியும் அதற்குச் செல்வதில்லை. மேசைக்கு அடியில் நீங்கள் பிடித்திருக்கும் காந்தம் ஒன்றுதான் அதற்கு உணவும் கட்டளையும். இதே கொள்கையைக் கொண்டு, அரிசிமணியைவிடக் குட்டையான மென்மையான ரோபோக்களை ஆய்வகங்களில் செய்கிறார்கள். கத்தி படாமல் மனித உடலுக்குள் சென்று மருந்தை இறக்கவும், அடைப்பை நீக்கவும், சிக்கிய பொருளை நகர்த்தவும் அவற்றால் முடியவேண்டும் என்பதே அந்த ஆய்வுகளின் நோக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எக்ஸ்ரே பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். இப்போது அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் கற்பிக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள், தமிழைக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள். அறிவியலைத் தமிழில் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. துருவம், விசை, புலம் ஆகிய சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, விரல் நுனியில் உணரவைப்பதே மேல் என்று எண்ணித்தான் இந்தச் செய்முறையை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இதைச் செய்யலாம். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறையில் இதைச் செய்யவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வேண்டிய பொருள்கள்

ஹார்டுவேர் கடையில் குளியலறை ஓரங்களை அடைப்பதற்கு விற்கும் சிலிக்கோன் ஒரு குழல் வாங்கிக்கொள்ளுங்கள். புளித்த காடியின் மணம் அடிப்பதும் உண்டு, மணமில்லாததும் உண்டு. இரண்டும் வேலை செய்யும், ஆனால் மணமில்லாதது காந்தத்தின் மேற்பூச்சை அரிக்காது என்பதால் அதுவே சிறந்தது. ஐந்து மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள நியோடிமியம் வட்டுக் காந்தங்கள் இரண்டு தேவை. இயக்குவதற்கு ஏறத்தாழ 40 x 20 x 10 மில்லிமீட்டர் அளவுள்ள நியோடிமியம் காந்தக் கட்டி ஒன்று தேவை. இவற்றோடு காலாவதியான வங்கி அட்டைகள் இரண்டு, ஒரு பிளாஸ்டிக் அளவுகோல், கோப்புகளில் வைக்கும் பாலித்தீன் உறை ஒன்று, கூரான கத்தரிக்கோல், அழியாத மை உள்ள பேனா, சிறிய திசைகாட்டி ஆகியவை இருந்தால் போதும். வேலை செய்யும் பலகை மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கவேண்டும். இரும்புத் தட்டில் வைத்தால் வட்டுகள் அதோடு ஒட்டிக்கொண்டு உங்களைப் படாதபாடு படுத்தும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் ரப்பர் காந்தத்தை வெட்டி வைத்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் வெட்டினேன். பிற்பகல் முழுவதும் முயன்றும் நாடா அசையவில்லை. அப்படிப்பட்ட இரண்டு காந்தங்களின் கரிய முகங்களை ஒன்றோடொன்று வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: 'தடக், தடக்' என்று படிப்படியாகத் தாவுவது விரலுக்குத் தெரியும். அந்த ரப்பருக்குள் வடக்கும் தெற்கும் மெல்லிய கோடுகளாக மாறி மாறி இருப்பதே அதற்குக் காரணம். கோடுகள் கதவைப் பற்றிக்கொள்ளப் போதும். ஆனால் தூரத்திலிருந்து வரும் காந்தப் புலத்துக்கு அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மொத்தத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடுகின்றன. இந்தத் தோல்வியைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் செய்து காட்டுங்கள், ஏனென்றால் இந்த வகை ரோபோவின் முழு இரகசியமும் அதில்தான் இருக்கிறது. உடலுக்குள் காந்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பதே அது எப்படி அசையும் என்பதை முடிவுசெய்கிறது.

இனிப் பாதுகாப்பு. ஒரு குழந்தை இரண்டு நியோடிமியம் காந்தங்களை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் இருவேறு மடிப்புகளுக்குள் இருந்துகொண்டே அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடற்சுவர் இரத்த ஓட்டமின்றி நசுங்கி ஓட்டையாகும். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒட்டி ஒரே பொருள்போலத் தெரிவதால், ஒன்றுதான் விழுங்கியது என்று ஏமாறவும் வாய்ப்புண்டு. ஆகவே காந்தம் விழுங்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப், காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவி ஆகியவற்றில் எதையேனும் உடையவர்கள் பெரிய காந்தக் கட்டியின் அருகே வரக்கூடாது. காந்தங்களை அறுக்கவோ துளையிடவோ பொடிக்கவோ வேண்டாம். அந்தத் தூள் தீப்பற்றும். செய்து முடித்த ரோபோவை எந்த மனிதருக்கும், எந்த வளர்ப்புப் பிராணிக்கும் கொடுத்துச் சோதிக்கக்கூடாது.

நாடாவைச் செய்தல்

பாலித்தீன் உறையைப் பலகைமேல் சுருக்கமின்றி விரித்து ஒட்டுங்கள். அதன்மேல் இரண்டு வங்கி அட்டைகளையும் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் தண்டவாளம்போல் வைத்து, நடுவில் சிலிக்கோனைப் பிதுக்கி, அளவுகோலின் ஓரத்தை இரு அட்டைகள்மேலும் படியவைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீட்டர் என்பதால், அதே தடிப்பில் சமமான ஏடு கிடைத்துவிடும். இரண்டாம் முறை இழுத்தால் மேற்பரப்பு கிழிந்து மேடுபள்ளமாகும். முதல் இழுப்பு சரியில்லையென்றால் வழித்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்தச் சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் கெட்டியாகிறது. டர்பன் கோடையின் பிசுபிசுப்பை எல்லாரும் திட்டுகிறோம், ஆனால் இந்த வேலைக்கு அது வரம். மெல்லிய ஏடு சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடி மாதம் நமக்குக் குளிர்காலம், காற்றும் வறண்டிருக்கும். அப்போது ஓர் இரவு முழுவதும் விட்டுவையுங்கள். ஜோஹன்னஸ்பர்கில் இருப்பவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பெரிய பெட்டியால் மூடினால் சீக்கிரம் இறுகும்.

இறுகிய ஏட்டிலிருந்து 30 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நாடாவை வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வட்டுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டு, மேல் வட்டின் முகத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதைப் பக்கவாட்டில் வழுக்கிக் கழற்றியபின், கீழ் வட்டின் மேல்முகத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது இரு புள்ளிகளும் ஒரே துருவத்தைக் குறிக்கும். நாடாவின் ஒரு முனையில் புள்ளி மேலே தெரியும்படியும், மறுமுனையில் புள்ளி கீழே மறையும்படியும் வட்டுகளைப் பதிக்கவேண்டும். சூப்பர் குளூ சிலிக்கோனில் பிடிக்காது. ஆகவே அதே சிலிக்கோனில் ஒரு துளியை வைத்து, வட்டை அமர்த்தி, மேலும் ஒரு துளியால் முழுவதுமாக மூடிவிடுங்கள். சோப்பு நீரில் நனைத்த விரலால் தடவினால் மேற்பரப்பு வழவழப்பாகும்.

வட்டுகள் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிக்காதீர்கள். துருவங்கள் எதிரெதிராக இருப்பதால் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ஈரமான சிலிக்கோனில் நத்தைபோல ஊர்ந்து நடுவில் வந்து சேர்ந்துவிடும். என் மாணவி ஒருத்தி, "அக்கா, ராத்திரி யாரோ நகர்த்திட்டாங்க" என்று மறுநாள் காலையில் அழாத குறையாக வந்து நின்றாள். முதல் வட்டு நன்கு இறுகியபின் இரண்டாவதைப் பதியுங்கள்; அதுவரை பெரிய காந்தக் கட்டி அடுத்த அறையில் இருக்கட்டும்.

நடக்க வைத்தல்

காந்தக் கட்டியைத் துணியில் சுற்றி, சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் ஆடாமல் அடைத்து மூடுங்கள். இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தடிப்பின் குறுக்காகக் காந்தமேற்றப்பட்டிருக்கும். திசைகாட்டியை ஓர் அடிக்கு மேல் தள்ளி வைத்துக்கொண்டு, முள்ளின் வட முனை கட்டியின் எந்தப் பெரிய முகத்தை நாடுகிறது என்று பாருங்கள். அந்த முகமே தெற்கு. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அம்புக்குறி ஒன்றை டப்பாவின்மேல் வரைந்துவிட்டால், இனித் திசைகாட்டிக்கு வேலையில்லை. இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, அடியில் டப்பாவை நகர்த்த இடம் விடுங்கள். காந்தத்துக்கும் ரோபோவுக்கும் இடையில் ஆறு சென்டிமீட்டர் அளவு தொலைவு இருக்கட்டும். மிகவும் நெருங்கினால் நாடா வளைவதற்குப் பதிலாக அப்படியே தட்டோடு அழுந்திவிடும்.

அம்புக்குறி நாடாவின் நீளவாக்கில் இருக்குமாறு டப்பாவைப் பிடியுங்கள். அம்புக்குறி ஒரு திசையைப் பார்க்கும்போது நாடாவின் இரு முனைகளும் மேலெழுந்து, அது தோணிபோல வளையும். டப்பாவை அப்படியே பாதிச் சுற்றுத் திருப்பி அம்புக்குறியை எதிர்த்திசைக்குக் கொண்டுவந்தால், முனைகள் தரையில் ஊன்ற நடுப்பகுதி காவடி வளைவுபோல் எழும். ஒரு முனையின் காந்தம் மேல்நோக்கியும் மறுமுனையின் காந்தம் கீழ்நோக்கியும் இருப்பதால், கிடைமட்டப் புலம் அவ்விரண்டையும் தன் திசைக்குத் திருப்ப முயலும்போது இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாகச் சாய்கின்றன. மென்மையான உடல் அதற்கு இடங்கொடுத்து வளைகிறது. வளைந்தபின்தான் உடலுக்கு மொத்தத்தில் ஒரு காந்தத் திசை பிறக்கிறது. அதன் பிறகு டப்பாவைச் சாய்த்தால், வளைந்த உடலும் அதற்கேற்பச் சாயும்.

ஆமணக்குச் செடியில் காவடிப்புழுவைப் பார்த்தவர்களுக்கு நடையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. காவடி நிலையில் தொடங்கி, முன்கால் சற்றுத் தூக்கும்படி டப்பாவைச் சாயுங்கள். அப்படியே டப்பாவைக் கீழே இறக்குங்கள். புலம் தளரத் தளர உடல் நீண்டு, முன்கால் ஓர் அடி தள்ளி ஊன்றும். இப்போது மறுபக்கம் சாய்த்துப் பின்காலைத் தூக்கி, டப்பாவை மெல்ல உயர்த்துங்கள். உடல் மறுபடி வளைந்து பின்காலை முன்னே இழுத்துக்கொள்ளும். முதல் அரைமணி நேரம் அது உருளும், புரளும், ஓரத்திற்கு ஓடி ஒட்டிக்கொள்ளும். அவசரப்படாமல் பழகுங்கள். கை பழகியபின் தட்டில் பொரி ஒன்றை வைத்து, தோணி நிலையில் அதை ஏந்திச் சென்று, காவடி நிலைக்கு மாற்றிக் கொட்டச் சொல்லுங்கள். மருந்தைக் குறித்த இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது என்று ஆய்வாளர்கள் சொல்லும் வேலையின் மாதிரி இதுவே.

ஆய்வகத்தில் இதையே எப்படிச் சிறிதாக்குகிறார்கள்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நுண்ணறிவு அமைப்புகள் நிறுவனத்தில், மெட்டின் சிட்டியின் குழுவினர் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ரோபோவின் நீளம் 3.7 மில்லிமீட்டர், அகலம் 1.5 மில்லிமீட்டர், தடிப்பு 0.185 மில்லிமீட்டர். நாம் இரண்டு வட்டுகளைப் பதித்த இடத்தில், அவர்கள் நியோடிமியம்-இரும்பு-போரான் கலவையின் நுண்துகள்களை மென்மையான சிலிக்கோனில் கலந்தார்கள். கெட்டியான நாடாவை ஒரு மெல்லிய உருளையில் சுற்றி, 1.65 டெஸ்லா புலத்தில் காந்தமேற்றினார்கள் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு). மருத்துவமனைகளில் பரவலாக உள்ள எம்ஆர்ஐ இயந்திரத்தின் 1.5 டெஸ்லாவைவிட இது சற்றே அதிகம். சுற்றிய நிலையில் எல்லாத் துகள்களும் ஒரே திசை பார்த்தன. நாடாவைப் பிரித்து நேராக்கியதும், அந்தத் திசை உடலின் நீளத்தில் சிறிது சிறிதாகச் சுழன்று செல்லும் அலையாகிவிட்டது. அந்த ஓர் அலையைக் கொண்டே அது நடக்கவும், உருளவும், தாவவும், ஊரவும், நீந்தவும், பொருளைப் பிடித்து விடவும் செய்தது. அந்த உருளையில் சுற்றும் யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. இவ்வளவு நடத்தைகளையும் ஒரே சுற்றில் உடலுக்குள் எழுதிவிட்டார்கள்.

உடல் சிறுத்தால் எல்லாம் அப்படியே சிறுத்துவிடும் என்று எண்ணவேண்டாம். மிகச் சிறிய உயிர்களுக்கு நீரும் தேன்போல் கெட்டியாக இருக்கும். அங்கே துடுப்பை முன்னும் பின்னும் ஒரே பாதையில் அசைத்தால் நகர்ச்சி ஏற்படாது என்பதை இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஆகவே மிகச் சிறிய நீந்தும் ரோபோக்கள், பாக்டீரியாவின் வாலைப்போலத் திருகிச் சுழலவோ, உடலில் அலையை ஒரே பக்கமாக ஓடவிடவோ வேண்டியிருக்கிறது.

தட்டைக் குடலாக்குதல்

வழவழப்பான தட்டில் நடந்த ரோபோ குடலிலும் நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைப் பிள்ளைகளே கண்டறியட்டும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் கடற்பாசியை (அகர் அகர்) கரையும்வரை காய்ச்சி, ஆழமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பாதி அமிழும்படி வையுங்கள். கடற்பாசி அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும் என்பதால் மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை. குழாயை எடுத்தால் மென்மையான கால்வாய் ஒன்று கிடைக்கும். முதலில் வெறும் நீர் விட்டு நடத்துங்கள். பிறகு வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை விடுங்கள். வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்கு நம் சமையலறையில் கிடைக்கும் நல்ல மாதிரி அதுவே. தட்டில் ஊன்றிய கால் இங்கே வழுக்கும். நடை தோற்று, உருளுதல் வெல்லும். கால்களின் அடியில் நுண்ணிய மேடுகளையும் பசைத்தன்மையையும் ஆய்வாளர்கள் ஏன் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இந்த ஒரு கிண்ணம் வெண்டை நீர் உணர்த்திவிடும்.

அடுத்ததாகத் தொலைவு. புத்தக அடுக்கை உயர்த்தி, ஆறு சென்டிமீட்டரைப் பன்னிரண்டாக்குங்கள். காந்தத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகவும், இழுக்கும் விசை பதினாறில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். நாடா அசைய மறுப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். பெரியவர் ஒருவரின் வயிற்றுக்கு வெளியிலிருந்து உள்ளே பல சென்டிமீட்டர் ஆழத்தை எட்டவேண்டியிருப்பதால்தான், ஆய்வகங்கள் பெரிய மின்காந்தச் சுருள்களையும், இயந்திரக் கை பிடித்து நகர்த்தும் பெரிய காந்தங்களையும் பயன்படுத்துகின்றன.

மூன்றாவது சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கால்வாயை ஓர் அட்டையால் மூடிவிட்டு, ரோபோவைப் பார்க்காமலே மறுமுனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் முதல் சனிக்கிழமை இதைச் செய்த ஆறு பேரில் ஒருவரும் வெல்லவில்லை. ஒரு சிறுவன் டப்பாவை மிகுந்த கவனத்தோடு முழு நீளத்துக்கும் நகர்த்தி முடித்து, வெற்றியோடு அட்டையைத் தூக்கினான். ரோபோ தொடங்கிய இடத்திலேயே குப்புறக் கிடந்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்தவளாதலால் இந்தச் சிக்கல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தோன்றுகிறது. தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்தால் நோயாளிக்குக் கதிர்வீச்சு ஏறும். எம்ஆர்ஐ தானே ஒரு மாபெரும் காந்தம். அதற்குள் இந்த ரோபோவை விருப்பப்படி இயக்க முடியாது. அல்ட்ராசவுண்டுக்குக் கதிர்வீச்சு இல்லை, உடனுக்குடன் காட்டும்; ஸ்டுட்கார்ட் குழுவினரும் கோழி இறைச்சிக்குள் மறைந்த தங்கள் ரோபோவை அதைக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். ஆனால் காற்றும் எலும்பும் குறுக்கிட்டால் அதன் பார்வை மங்கிவிடும். உடலை வெட்டாமல் உள்ளே பார்ப்பதற்கு இந்த நாட்டுக்கும் ஒரு பங்குண்டு என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஜோஹன்னஸ்பர்கில் பிறந்த ஆலன் கார்மாக், 1956இல் கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகப் பணிபுரிந்தபோது எழுந்த கேள்வியிலிருந்தே சிடி ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கை வகுத்தார், 1979இல் நோபெல் பரிசைக் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டார்.

எந்த நோய்க்கு, எந்த நிலையில்

ஓர் இரவு, மூன்று வயதுப் பெண்குழந்தையை அதன் ஆயா தூக்கிக்கொண்டு வந்தார். "காசை முழுங்கிட்டா" என்றார். முதலில் சென்ற இடத்தில் படம் எடுக்காமலே, மலத்தோடு வந்துவிடும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று மணி நேரம் போய்விட்டது. நான் எடுத்த படத்தில் அந்த வட்டத்தின் ஓரத்துக்கு உள்ளே இன்னொரு வளையம் தெரிந்தது. காசுக்கு அந்த உள்வளையம் இருக்காது. பொத்தான் பேட்டரிக்குத்தான் இருக்கும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி, ஈரமான திசுவின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்மின் முனையில் காரத்தை உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படக்கூடும். அந்தக் குழந்தை பிழைத்தது, ஆனால் நெடுநாள் திட உணவை விழுங்க முடியாமல் துன்பப்பட்டது.

இதனால்தான் 2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்ஐடியில் டேனியலா ரஸ், ஷுஹெய் மியாஷிதா ஆகியோர் அடங்கிய குழு காட்டிய சிறு ரோபோவை என்னால் மறக்க முடியவில்லை. உலர்ந்த பன்றிக் குடலை, அதாவது சாசேஜ் செய்யப் பயன்படும் மேல்தோலை, காகிதம்போல் மடித்து, நடுவில் ஒரு சிறு காந்தம் வைத்து, பனிக்கட்டி மாத்திரைக்குள் அடக்கியிருந்தார்கள். விழுங்கியதும் பனி உருக, மடிப்புப் பிரிந்து, வெளியிலுள்ள காந்தப் புலத்துக்கு ஏற்ப அது ஊர்ந்து, வயிற்றுச் சுவரில் பதிந்த பொத்தான் பேட்டரியோடு ஒட்டி, அதைப் பெயர்த்துச் செல்லும். சோதனைக்குப் பன்றியின் வயிற்றைப் பார்த்துச் செய்த சிலிக்கோன் அச்சில், அமிலத்துக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஊற்றினார்கள். நம் வெண்டை நீரும் அதே வழியில் வந்ததுதான். ஆனால் இது வயிற்றுக்கான மாதிரி ஆய்வு. உணவுக்குழாயில் பேட்டரி சிக்கிய குழந்தைக்கு இன்றைக்கும் உடனடி எண்டோஸ்கோபியே சிகிச்சை. எந்த ரோபோவுக்காகவும் காத்திருக்கக்கூடாது.

தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்பது அழுங்கு (செதில் போர்த்திய எறும்புத்தின்னி) ரோபோவின் கதையைத்தான், ஏனென்றால் அந்த விலங்கு நம் நாட்டுப் புல்வெளிகளில் வாழ்கிறது. சிட்டியின் குழுவினர் 2023இல் அழுங்கின் செதில்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று படியும் உலோகத் தகடுகளை மென்மையான அடுக்கின்மேல் பொருத்தினார்கள். உலோகம் இருப்பதால் அதைத் தூரத்திலிருந்தே வேகமாக மாறும் காந்தப் புலத்தால் சூடேற்ற முடிகிறது. தகடுகள் தனித்தனியாக இருப்பதால் உடல் சுருண்டு உருளவும் முடிகிறது. அந்தச் சூட்டைக் கொண்டு உட்புறக் கசிவை நிறுத்துவதும், வேண்டாத திசுவை அழிப்பதும் அவர்கள் நோக்கம்.

மற்றொரு வழி நூல் வடிவம். எம்ஐடியில் சுவான்ஹே ஜாவோவின் குழு 2019இல் காட்டிய நூலின் விட்டம் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேலே ஹைட்ரோஜெல் என்னும் நீர் நிறைந்த வழுக்கும் பூச்சு உண்டு. மூளை இரத்தக் குழாய்களின் முழு அளவு மாதிரியில், வெளிக்காந்தம் காட்டிய திசையில் அதன் முனை வளைந்து சென்றது. பின்முனை மருத்துவர் கையில் இருப்பதால் இது முழுமையாகக் கம்பியற்றது அன்று. ஆனால் போன வழியே திரும்ப இழுத்துவிடலாம் என்பது மருத்துவமனையில் பணியாற்றியவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கவாத நோயாளிகளுக்கு முதலில் கைகொடுக்கப்போவது இந்த வகைதான் என்பது என் கருத்து.

ஏற்கெனவே நோயாளிகளை அடைந்துவிட்டவை இவற்றின் உறவினர்கள். விழுங்கும் கேமரா மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் அனுமதி தந்தது. வயிற்றைப் பார்க்கும்போது வெளிக்காந்தத்தால் திருப்பக்கூடிய வகை 2020இல் அனுமதி பெற்றது. இதயத் துடிப்புக் கோளாற்றுக்குக் காந்தத்தால் வழிநடத்தப்படும் கதீட்டர்களும், அதாவது உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களும், பயன்பாட்டில் உள்ளன. தானே வளைந்து ஊரும் மென்ரோபோக்கள் இன்னும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலுமே பெரும்பாலும் நிற்கின்றன. நியோடிமியம் துகள்கள் உடல் நீரில் அரித்து நச்சாகக்கூடும் என்பதால் அவற்றுக்கு உறுதியான மேலுறை வேண்டும். வேலை முடிந்தபின் ரோபோ கரையவோ வெளியேறவோ வேண்டும். நடுவழியில் சிக்கினால் எடுப்பதற்கும் வழி இருக்கவேண்டும். எவராவது மருந்தகத்திலோ இணையத்திலோ இத்தகைய ரோபோவைச் சிகிச்சையாக இன்றே விற்றால் வாங்காதீர்கள்.

வகுப்பை முடிக்கும்போது

ரோபோவைச் சோப்பு நீரில் கழுவி, துடைத்து, மேலுறையில் எங்கேனும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். வட்டின் வெள்ளிநிறம் சிறிதளவு தெரிந்தாலும் புதிய சிலிக்கோன் துளியால் மூடுங்கள். ஈரம் புகுந்த காந்தம் சில வாரங்களில் உப்பித் தூளாகும். பழுதான நாடாவிலிருந்து வட்டுகளைப் பிரித்தெடுத்தால் அவற்றைத் தனித்தனியே வைக்காமல், ஒன்றோடொன்று ஒட்டவிட்டு, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். நான் வகுப்பு தொடங்கும்போது வட்டுகளை எண்ணிக் கரும்பலகையின் மூலையில் எழுதிவிடுவேன். முடியும்போது மறுபடி எண்ணுவேன். ஒருமுறை பன்னிரண்டில் பதினொன்றே இருந்தது. யாரையும் வெளியே விடாமல் இருபது நிமிடம் தேடினோம். நாற்காலியின் இரும்புக் காலில், கீழ்ப்புறத்தில், அது ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரியானபின்தான் கதவைத் திறந்தேன்.